இடது அம்புக்குறி

சனிக்கிழமைச் சந்தையில் இரண்டு பிராங்குக்கு வாங்கிய படம்.
அட்டையில் ஒரு டிராகன், அதன் வாயில் பாதிக் கோபுரம்,
அரசியின் முகத்தில் விலைச்சீட்டு.
பீல் நகரில் நவம்பர்.
ஏரி அங்கேதான் இருக்கிறதென்று
நம்பித்தான் ஆகவேண்டிய பனிமூட்டம்.

உறைக்குள் யாரோ பென்சிலால் எழுதிய துண்டு:
இரண்டாம் தட்டு. வரைபடம். இடது, இடது, மேலே.
பிரெஞ்சில் மட்டும்.

தெருவுக்கு இரண்டு பெயர் வைத்த ஊர் இது.
சுதேந்திரனுக்குத் தொழிற்சாலை ஜெர்மன்,
எனக்குக் குழந்தைகள் காப்பகத்துப் பிரெஞ்சு.
வீட்டில் எந்தத் தட்டைப் போட்டாலும்
ஜெர்மனில்தான் திறக்கும்.
ரிமோட் அவர் கையில்.

அன்று அவருக்கு இரவு வேலை.
மொழியை மாற்றினேன்.
தேய்ந்து குழிக்குள் இறங்கிவிட்ட இடது அம்புக்குறியைக்
கொண்டை ஊசியால் குத்தினேன்.
ஒருதரம். இன்னொருதரம். மேலே.
பெயரில்லாத ஒரு மலைக்குப் பின்னால்
சின்னதாய் ஒரு விளக்கு எரிந்தது.

டிராகன் இல்லை.
கோட்டை இல்லை, சுற்றிவரப் பச்சைத் துணி.
தலையிலிருந்து கால்வரை பச்சை உடுப்பில் ஒருவன்,
கையில் நீளக் கம்பு,
கம்பின் நுனியில் டென்னிஸ் பந்து.
அந்தப் பந்தைப் பார்த்து அரசி அழுகிறாள்.
நடிப்பென்று சொல்ல மனம் வரவில்லை,
மூக்கு ஒழுகுகிறது.
என் பிள்ளையைத் திருப்பித் தா என்கிறாள், பந்திடம்.
பந்து லேசாய் ஆடுகிறது,
அவனுக்குக் கை உளைந்திருக்கும்.
கட் என்ற குரல் கேட்டதும்
பச்சை மனிதன் முகத்துணியைத் தூக்கிவிட்டு
கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
அவளுக்கு ஒரு கடதாசிக் கைக்குட்டை நீட்டுகிறான்.
அவ்வளவுதான். நாற்பது வினாடி.
மறுபடி வரைபடம்.

ஏழு தரம் பார்த்தேன்.

அதன்பிறகு பிடித்தது பைத்தியம்.
அலுமாரியில் கிடந்த தட்டெல்லாம் எடுத்து
இடது, இடது, மேலே.
யோகாசனத் தட்டில் ஒன்றுமில்லை.
தையல் மெசினோடு வந்த விளக்கத் தட்டில்
நான் எதிர்பார்த்தது என்னவென்று எனக்கே தெரியாது.
கடைசியில் எங்கள் கல்யாணத் தட்டு.

மனோரஞ்சன் அண்ணை செய்தது.
தாமரை சுழலும், இதயங்கள் கொப்புளிக்கும்,
என் பெயரில் ஓர் எழுத்து குறையும்.
தாலிகட்டு. ஆசீர்வாதம். கேக் வெட்டு.
கேக் வெட்டுக்குக் கீழே எதுவுமில்லை,
இருந்தும் கீழே அழுத்தினேன்.
மஞ்சள் கட்டம் காணாமல் போனது.
எந்தப் பெயரிலும் அது இல்லை.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஓகே.

மெட் பாடசாலையின் விளையாட்டு மண்டபம்.
இன்னும் ஆட்கள் வரவில்லை.
மணவறைக்கு மேலே கூடைப்பந்து வளையம்.
கமெரா வெளிச்சம் பார்க்கிறது,
மண்டபம் சிவந்து, வெளுத்து, சரியாகிறது.
ஓரத்தில் பட்டுவேட்டிக்கு மேல் குளிர்ச்சட்டை போட்ட
சுதேந்திரன்.
வெறும் கதிரையிடம், என் கதிரையிடம்,
ஏதோ சொல்லிப் பார்க்கிறார்.
சத்தம் இல்லை. கடைசியில் உதடு குவிகிறது.
தலையை ஆட்டுகிறார், திருப்தியில்லை.
மறுபடி தொடங்குகிறார், நீளமாய்.
நடுவில் தும்மல்.
பதினொரு வினாடியில் தாமரை வந்துவிட்டது.

அன்று மணவறையில் அவர் என்னிடம் பேசிய முதற்சொல்
குளிருதோ.
அதற்கா இவ்வளவு ஒத்திகை?
அல்லது வேறொன்று இருந்து
தும்மலோடு போய்விட்டதா?

பிறகும் பார்த்தேன்.
எத்தனை தரமென்று எண்ணவில்லை.

ஆறரைக்குக் கதவில் திறப்பின் சத்தம்.
கல்யாணத் தட்டு உறைக்குள்,
மெனு ஜெர்மனுக்குள்,
ஊசி கொண்டைக்குள்.
மூடுபனி ஒட்டிய சப்பாத்தைக் கழற்றியபடி கேட்டார்,
படம் எப்படி?

இன்னும் தொடங்கவில்லை என்றேன்.