ஏழாம் கிணறு

இறக்கக்கண்டியில் ஏழாம் கிணறு
நைட்ரேட் அறுபத்தொன்று என்றது.
சுற்றியுள்ள ஆறும் இருபதைத் தாண்டவில்லை.
உணரி பழுது என்றது கணினி மாதிரி.
நானும் நம்பினேன்:
உப்புக்காற்று, மூன்று மாதமாய்த் துடைக்காத முனை.
அந்த வரிசையை அழித்தேன்.
கோடு அழகாக வந்தது.
தொண்ணூற்றாறு வீதம் சரியாம்,
திருகோணமலை அலுவலகத்தில் கைதட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை முனை துடைக்கப் போனேன்.
மஸ்ஹூதா தேத்தண்ணி தந்தாள்.
கிணற்றடிக்குப் பின்னால் வெங்காயப் பாத்தி,
வேலியில் யூரியாப் பைகள்
கழுவிக் காயப் போட்டபடி.
"பயமில்ல மிஸ், கொதிக்க வெச்சித்தான் குடிக்கிற"
என்றுகொண்டே பால்மா கரைத்தாள்,
நாற்பது நாள் பிள்ளைக்கு.

முனையைத் துடைத்தேன்.
அறுபத்திரண்டு.

கொதிக்கக் கொதிக்கத்
தண்ணீர்தான் வற்றும்,
நைட்ரேட் வற்றாது.
இதை எப்படிச் சொல்வது,
அவள் தந்த கோப்பை
பாதி மிச்சமாய்க் கையில் இருக்க?

சொன்னேன்.
அவள் ஒன்றும் பேசாமல்
போத்தலை மண்ணில் கவிழ்த்தாள்.
பிள்ளை அழத் தொடங்கியது.
நிலாவெளிச் சந்திக் கடையில்
ஐந்து லீற்றர்க் கான் ஒன்று வாங்கி
ஸ்கூட்டியில் கால்களுக்கிடையே வைத்துத்
திரும்பி வரும்வரை
அழுதுகொண்டே இருந்தது.

இரவு, அழித்த வரிசையைத் திரும்ப எழுதினேன்.
மாதிரி எண்பத்தொன்றுக்கு விழுந்தது.
கோடு ஏழில் முறிந்து
செங்குத்தாய் ஏறுகிறது.
நல்லாயிருந்ததை ஏன் கெடுத்தாய் என்று
வட்ஸ்அப்பில் கேட்கிறார்கள்.

பதில் எழுதவில்லை இன்னும்.
இருபது சொன்ன
அந்த ஆறு முனைகளையும்கூட
யாரும் துடைக்கவில்லை.