இடித்தவர்க்கு மனை

கோட்டையின் மிச்சத்தைக் காக்கும் எங்கள் சங்கத்தில்
ஆறு பேர்.
ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறது, அலுவலகம் இல்லை.
காஜிமார் தெரு ஜைனுலாபுதீனின் ஜெராக்ஸ் கடையில்
ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு கூடுவோம்.
சூடாறாத மெஷின்மேல் டீ டம்ளர்களை வைக்கக் கூடாது,
அது ஒன்றுதான் விதி.

இந்த வாரச் சண்டை
பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கொத்தளத்துக்காக.
சுவரில் மூத்திரம், உச்சியில் அரசங்கன்று,
அடியில் டூவீலர்கள்.
சாக்கடைக்குத் தோண்ட வந்த பொக்லைன்
அடிவரிசையில் பல் பதித்துவிட்டுப் போயிருந்தது.
பெயர்ந்து கிடந்தன நான்கு கற்கள்.
"நாலு கல்லுதானே சார்" என்றார் ஒப்பந்தக்காரர்.

அந்த நாலையும் அளந்தோம்.
சாக்பீஸால் எண் போட்டோம்.
லாரி வந்து நின்றதும்
ஞானசௌந்தரி டீச்சர் இரண்டாம் கல்லில்
உட்கார்ந்துவிட்டார்,
மடியில் சர்க்கரை மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும்.
இருட்டும் வரை எழவில்லை.
லாரிக்காரன்தான் பாவம்,
அவருக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தான்,
சர்க்கரை போடாமல்.

மனு எழுதுவது என் வேலை.
பழைய கதையிலிருந்து தொடங்கினேன்:
நான்கு பக்கமும் மதில் இருந்தது, அகழி இருந்தது.
ஊர் பெருகியது, காற்று வரவில்லை என்று
வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவர் தண்டோரா போட்டார்.
இடித்தவர்க்கு மனை.
தூர்த்தவர்க்குத் தூர்த்த இடம்.
'சொந்த ஊரைக் கூலிக்கு இடித்தவர்கள்' என்று எழுதி
'கூலிக்கு' என்பதை அடித்து
'பேராசைக்கு' என்று திருத்தினேன்.
திருத்தியபோது நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் வீட்டில் குளியலறைக் குழாய் அடைப்பு.
பெருமாள் மேஸ்திரி வீதியில் எங்கள் வீடு.
தரையைப் பெயர்த்த கொத்தனார் ஒச்சு
குழிக்குள்ளிருந்து கூப்பிட்டார்:
"அண்ணே, இது வீட்டுக்கு வெட்டுன கல்லு இல்லியே."
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
அதே இரண்டடி ஏழு அங்குலம்,
அதே சாய்ந்த உளிக்கோடு.
மூலையில் காக்காய்க் கால் மாதிரி ஓர் அடையாளம்,
எவனோ ஒரு கல்தச்சன் தன் கணக்குக்குக் கொத்தியது.
முந்தாநாள் அதே காக்காய்க் காலின் மேல்தான்
மூன்று என்று சாக்பீஸால் எழுதியிருந்தேன்.

பெட்டியிலிருந்த பத்திரத்தை எடுத்தேன்.
ரெங்கய்யர், சாயத் தொழில்.
தன் செலவில் இடித்துத் தூர்த்த வகையில்
கிழமேல் பதினெட்டடி.
பட்டுநூல் சாயத்தின் நீலம்
சம்மட்டிப் பிடியிலும் ஒட்டியிருக்கும்.
அதற்கு முன் எங்கே படுத்திருந்தாரோ,
பதினெட்டடி அவருக்கு எவ்வளவு பெரிதோ.

மியூசியத்துக்குப் போன் போட்டேன்.
"கல்லா சார்?
முற்றத்துல நாப்பத்தொண்ணு நனைஞ்சிட்டு இருக்கு.
போன வருஷத்து நடுகல்லுக்கே இன்னும் நம்பர் விழல"
என்றார் காப்பாட்சியர் பிரிசில்லா.
குரலில் வெட்கம் இருந்தது, எரிச்சலும்.
ஒச்சுவைக் கேட்டேன், எடுக்கலாமா என்று.
"எடுக்கலாம்ணே. மேல இருக்குறது கீழ வரும்."

அன்றிரவு கூட்டத்தில் சொன்னேன்.
யாரும் பேசவில்லை.
ஜைனுலாபுதீன் மட்டும் கடைவாசல் படியை
ஒருமுறை காலால் தடவிப் பார்த்தார்.
டீச்சர், "எங்க கிணத்துச் சுத்துக்கல்லும்
அந்த அகலந்தான்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

பதிவேட்டில் நான்கு கற்களுக்கும் கீழே
ஐந்தாவது வரி என் கையெழுத்தில் இருக்கிறது:
இடம், பெருமாள் மேஸ்திரி வீதி, குளியலறைக்கு அடியில்.
உரிமை என்ற கட்டத்தை விட்டுவிட்டேன்.
நிலை, தாங்குகிறது.

மனு நாளை பத்து மணிக்கு.
'பேராசைக்கு' என்பதையும் அடித்தாயிற்று.
வேறு சொல் வரவில்லை.
ஆறு கையெழுத்தும் விழுந்துவிட்டது,
அந்த ஓரிடம் மட்டும்
கொத்தளத்துச் சுவரில் கல் பெயர்ந்த இடம்போல்.