எந்த அத்தோ?

பகலெல்லாம் உளுந்து.
கோணியில் கம்பியைக் குத்தி இழுத்து
உள்ளங்கையில் கொட்டி
எஸ்க்யூ, எஃப்ஏக்யூ எனத் தரம் எழுதி
தும்மித் தும்மி
ஆறு மணிக்கு மூக்கைக் கழுவினால்
ரங்கூன் தண்ணீரில் ஒரு கறுப்புக் கோடு.

"பசிக்குதா?" என்றாள் தேத்தே வின்,
தரகர் ஆபீசில் கணக்கெழுதுகிறவள்.
அடையாள அட்டையில்தான் தேத்தே வின்.
காளி கோவில் அர்ச்சனைச் சீட்டில் சிகப்பாயி.
"ரெண்டு பேரையும் கூப்பிடு,
யாருக்குப் பசிக்குதோ அவ வருவா."
சிரித்ததில் கன்னத்துத் தனாக்கா வெடித்தது.

அத்தோ வேணும் என்றேன்.
பதினோரு வருஷமாய்ப் பாரிமுனையில் வேலை.
பீச் ஸ்டேஷன் எதிரே தள்ளுவண்டியில்
ஆரஞ்சு நூடுல்ஸ், முட்டைகோஸ், பொரித்த வெங்காயம்,
பக்கத்தில் வாழைத்தண்டு சூப்.
அதன் ஊருக்கே வந்தாயிற்று,
அசலைக் காட்டு என்றேன்
தாத்தா சொத்துக்குப் பட்டா கேட்பவள் மாதிரி.

அநவ்ரதா சாலை நடைபாதை.
முழங்கால் உயர பிளாஸ்டிக் நாற்காலி;
உட்கார்ந்ததும் ஊரே உயரமாகிவிட்டது.
கடைக்காரியிடம் "அத்தோ" என்றேன்.
அவள் காத்திருந்தாள்.
நானும் காத்திருந்தேன்.
அவள் ஏதோ கேட்டாள்.
"எந்த அத்தோன்னு கேக்குறா."
இஞ்சியா, ஊறவைத்த தேயிலையா,
சமோசாவா, பச்சைத் தக்காளியா, பம்ப்ளிமாசா, நூடுல்சா?
கையால் பிசைந்தது எல்லாமே அத்தோதானாம்.

பதினோரு வருஷமாய் நான் தின்றது
ஒரு வினைச்சொல்லை.

தேயிலை என்றேன், வீம்புக்கு.
கசந்தது, புளித்தது, எண்ணெய் வழிந்தது,
வறுத்த பட்டாணி பல்லில் உடைந்தது.
ராத்திரி மூணு மணி வரை தூக்கம் வராது
என்பதை அவள் தட்டு காலியான பிறகு சொன்னாள்.

டீக்கடையில் பையனைக் கூப்பிட
உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் எழுப்புகிறார்கள்.
லுங்கியில் சிகரெட் செருகியவர்,
மடியில் ஹெல்மெட் வைத்த பெண்,
எல்லோரும்.
எங்கள் ஊரில் இப்படிக் கூப்பிட்டால் செருப்பு வரும்.
இங்கே டீ வருகிறது.
நானும் குவித்தேன். விசில்தான் வந்தது.
பையன் அதற்கும் வந்தான்.

பத்தொன்பதாம் தெருவுக்குள் நுழையும்போது மணி பத்து.
சின்னக் கூடையைக் கையில் தந்து
பொறுக்கிக்கொள் என்றார்கள்:
குச்சியில் தாமரைக்கிழங்கு, காடை முட்டை,
வெண்டைக்காய், பன்றிக் காது.
பீர் கண்ணாடிக்குள் பனிக்கட்டி போட்டுத்
தரகர் பெயரைச் சொல்லித் திட்டிக் குடித்தாள்,
கெட்ட வார்த்தைக்குத் தமிழ்,
தொகைக்குப் பர்மீஸ்.
ஒரு பையன் கிடாரோடு வந்து பாடினான்,
ஒரு நூறு சேர்த்துக் கொடுத்தால்
நிறுத்துவதாகவும் சொன்னான்.

அப்போது கரண்ட் போனது.

நான் "ஓ" என்றேன், எங்கள் தெருவே கூடச் சேரும் என்பது போல.
யாரும் சேரவில்லை.
அடுப்புக் கரி மட்டும் தெரு நீளத்துக்குச் சிவந்து கிடந்தது.
இருட்டில் வெண்டைக்காயைத் திருப்பும் சத்தம்.
எங்கிருந்தோ ஒரு ஆண் குரல்: "மா தேத்தே!"
பக்கத்து நாற்காலி பதில் சொல்லவில்லை.
"கேக்கலையா?"
"கேட்டுச்சு. அவனுக்குக் காசு தரணும்.
இருட்டுல நான் சிகப்பாயி."

ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாய் இருமிக்கொண்டு எழுந்தன.
நாங்கள் அதற்குள் கிளம்பிவிட்டோம்.

சூலே பகோடா பொன்னாய் நிற்க
அதைச் சுற்றி டாக்சிகள்,
சாமி சுற்றுகிறதா சவாரி தேடுகிறதா தெரியவில்லை.
திருப்பத்தில் தோசைக்கல்.
தோஷே என்கிறார்கள். சரி, தோஷே.
பாக்கியசாமி என்று பெயர் சொன்ன கடைக்காரர்
நான் உளுந்து வாங்க வந்தவள் எனக் கேள்விப்பட்டதும்
கரண்டியை மாவிலேயே நிறுத்தினார்.
"நல்ல சரக்கெல்லாம் மெட்ராசுக்குப் போயிருது.
எங்களுக்குச் சலிச்சது போக மிச்சம்."
கோபமாக இல்லை. விலை சொல்வது போல.

என் பையில் தரச் சீட்டுகள் இருந்தன,
பச்சை மையில் என் கையெழுத்தோடு.
கடைசி விள்ளலைச் சட்னியில் புரட்டி
வாயில் போட்டேன்.
பல்லில் கொஞ்சம் மண் நறநறத்தது.

துப்பவில்லை.
இன்னொன்று போடச் சொன்னேன்.