திருகாணி

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
காலைப் பிடித்து இழுத்திருக்கிறான்.
"சும்மா வெளையாட்டு டீச்சர்" என்றான் லோகித்,
உள்ளங்கையில் ஒரு கொலுசுத் திருகாணி.

"நாளையிலிருந்து கொலுசு போடாதே"
என்றேன் சாருமதியிடம்.
அவ்வளவுதான். கணக்கு நோட்டுகளைத் திருத்தினேன்.

அவள் அம்மா செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்கு
ஜோடிக் கணக்கில் திருகாணி பூட்டுகிறவள்.
மறுநாள் வந்தாள்:
"பாவாடையும் வேண்டாமா டீச்சர்?
காலும் வேண்டாமா?"

பதினாறு வருட சர்வீஸ்.
பையன்கள் அப்படித்தான் என்று
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்,
என்னிடம் சொன்னவர்களின் அதே குரலில்.

இடைவேளையில் லோகித்தைக் கூப்பிட்டேன்.
பிரம்பை எடுக்கவில்லை.
"அவ வேண்டாம்னு சொன்னாளா?"

வாய்ப்பாட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"கத்துச்சு டீச்சர்.
எங்கம்மாவுந்தான் கத்தும்."