கதவுக்கு வெளியே ஒரு கதிரை

டொக்டர் யோகாம்பிகையிடம் வேலை கேட்டுப் போனபோது
அவர் கேட்டது ஒன்றே ஒன்று:
"உமக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியுமோ?"
தெரியும் என்று சொல்லாமல்
தலையை ஆட்டினேன்.
வேலை கிடைத்தது.

உட்துறைமுக வீதியில் மேல்மாடி.
கீழே வலைக்கடை.
உள்ளே ஒரு சாய்மனைக் கட்டில்,
படுத்திருப்பவர் கண்ணில் படாத பக்கம் அவருடைய கதிரை.
வெளியே என்னுடையது, ஒரு மேசை மணிக்கூடு,
படியேறி வரும் நைலோன் வாசனை.
ஐம்பது நிமிடம் முடிந்ததும்
கதவில் ஒருமுறை தட்டவேண்டும்.
அழுகைச் சத்தம் கேட்டாலும் தட்டவேண்டும்.
முதல் வருடம் முழுக்க
அதற்காகவே அவரை வெறுத்தேன்.

லண்டனில் ஏழு வருடம் படித்தவர்.
அங்கே அவரையும் ஒரு வெள்ளைக்காரி
கிழமைக்கு ஐந்து நாள் படுக்கவைத்துக் கேட்டாளாம்.
"என்ன சொன்னீங்கள்?"
"இராவணன் வெட்டில இருந்து விழுகிற கனவு.
நாலு வருஷம் விழுந்தன்."
"பிறகு?"
"தண்ணி வந்தது."
சிரித்தாரா, தெரியவில்லை.

வந்தவர்கள் முதலில் குளிசை கேட்டார்கள்.
ஊசியாவது போடுங்கோ என்றார்கள்.
சும்மா கதைக்கிறதுக்கோ காசு?
கிண்ணியாவிலிருந்து பாதையேறி வந்தவர்
தயிர்ச்சட்டி ஒன்றை மேசையில் வைத்தார்.
எழுதச் சொன்னார் டொக்டர்.
பெயர் வேண்டாம், சாமான் மட்டும்.
"இலவசமெண்டால் கடன்பட்டவராயிடுவார்,
கடன்காரன் உண்மை சொல்லமாட்டான்."

சாம்பல்தீவுப் பெண்ணொருத்தி
பதினாலு மாதம் ஒரு சொல்லும் பேசவில்லை.
செவ்வாய் மூன்று மணி.
செருப்பை நேராக வைத்துவிட்டு உள்ளே போவாள்.
பிறகு கேட்பதெல்லாம்
வலைக்கடைக்காரரின் இருமல்.
எதற்கு இவளிடம் வாங்குகிறீர்கள் என்றேன்.
"பேசாமலிருக்க அவளுக்கு வேற இடமில்லை."
பதினைந்தாம் மாதம்
கச்சான் யன்னலைப் பிய்த்த ஒரு பின்னேரம்
உள்ளே புதிதாய் ஒரு குரல்.
ஒரு ஆண்பிள்ளையின் பெயர், திரும்பத் திரும்ப.
மணிக்கூட்டைப் பார்த்தேன்.
கை நடுங்கியது.
தட்டினேன்.

யுத்தம் இறுகிய வருடம் சீருடையில் இருவர்.
யார் வருகிறார்கள், என்ன சொல்கிறார்கள்,
கொப்பிகளை எடு என்றார்கள்.
அலுமாரியைத் திறந்துவிட்டார் டொக்டர்.
மின்சார பில்கள்.
தயிர், சூரைக் கருவாடு, முருங்கைக்காய் இருபது.
எங்கே எழுதி வைக்கிறாய்?
கொண்டையைத் தொட்டுக் காட்டினார்.
ஒருவன் சிரித்தான்.
மற்றவன் சாய்மனைக் கட்டிலைப்
பார்த்துக்கொண்டே நின்றான்.
அடுத்த மாதம், சீருடையில்லாமல்,
அரைகுறைத் தமிழில் நேரம் கேட்டு அவன் வந்தது
வேறு கதை.
அதைச் சொல்லமாட்டேன்.

இப்போது அவருக்கு எண்பத்திரண்டு.
உவர்மலையில் தங்கை மகளோடு.
முதலில் மறந்தது சாவிகள்,
பிறகு லண்டன், பிறகு
கொண்டைக்குள் வைத்திருந்த அத்தனை பேர்.
அந்தப் பெண்ணின் பதினாலு மாதம்
எங்கே போயிருக்கும்?

போன ஞாயிறு
வேலியோரம் ஒரு புள்ளிமான்
செவ்வரத்தையைத் தின்றுகொண்டிருந்தது.
அவர் என்னைப் பார்த்து,
"எப்ப தொடக்கம் உமக்கு நித்திரை இல்லை?"
இருபத்தாறு வருடம் என்னிடம் யாரும் கேட்காதது.
விறாந்தை வாங்கில் சாய்ந்தேன்.
அவர் கதிரையைத் தலைமாட்டுக்கு
இழுக்கும் சத்தம்.

எவ்வளவு நேரம் கதைத்தேனோ.
"நேரமாச்சு" என்றார்.
பிறகு கையை நீட்டினார்.
பையிலிருந்த பாலைப்பழத்தைக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்துத்தான்
வாங்கிக்கொண்டார்.