தட்டுகள் அவருக்கு

மூன்றாம் பக்கம், ஏழாம் பத்தி:
இசைத்தட்டுகள் நாற்பத்தாறும் சத்தியசீலனுக்கு.
சோபா முதல் சோற்றுப் பானை வரை
பங்கு பிரித்த வக்கீலம்மா
ஒலி யாருக்கு என்று எழுத மறந்துவிட்டார்.
மாதக் கடைசிவரை தவணை.

சிம் லிம்மில் நூற்றெண்பது வெள்ளிக்கு
ஒரு சின்னப் பெட்டி வாங்கினேன்.
ஒருபுறம் சிவப்பும் வெள்ளையுமாய் இரண்டு கம்பி,
மறுபுறம் மடிக்கணினி.
இதில் அவசரம் செல்லாது.
இருபத்திரண்டு நிமிடப் பக்கத்தை
இருபத்திரண்டு நிமிடம் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும்.
பதினாறு வருடத்தில் ஒன்றையும்
நான் முழுசாய்க் கேட்டதில்லை.
அவர் போடுவார்,
நான் சமையலறையில் குழாயைத் திறப்பேன்.

முதலில் கழுவ வேண்டும்.
வடித்த நீர், பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு,
மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி.
இன்னொருவர் வீட்டுக்குப் போகிற பொருளை
இவ்வளவு பதமாய்த் துடைக்கும் கைகளைப் பார்த்து
எனக்கே கோபம் வந்தது.

ஊசிக்குக் காது கிடையாது.
கீழே கரங்குனிக்காரர் ஹாரன் அடித்தாலும்
எதிர்வீட்டு ரொஹாயா என் பெயர் சொல்லி அழைத்தாலும்
அதற்கு ஒன்றுமில்லை.
ஆனால் தரை நடுங்கினால் தெரியும்.
காத்திப் பக்கமிருந்து ரயில் வரும்போதெல்லாம்
திரையின் அடியில் மெல்லியதாய் ஒரு வீக்கம்.
அதனால் கடைசி ரயிலும் போனபின்,
வெறுங்காலோடு,
மின்விசிறியையும் நிறுத்தி
ஈசூன் வெக்கையில் வேர்த்துக்கொண்டு.

முப்பத்தொன்றாவது தட்டு, இரண்டாம் பக்கம், புல்லாங்குழல்.
நான்காம் நிமிடத்தில் தொடங்கியது
டக்.
தட்டு ஒரு சுற்று சுற்றிவர
இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் குறைவு.
டக்.
அது நான் போட்ட கீறல்.
வேலை போனதை மூன்று வாரம் மறைத்து
தினமும் டை கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார் என்று
தெரிந்த இரவில்
மேசையைத் தள்ளினேன்.
அவர் ஓடிப்போய் ஊசியைத் தூக்கினார்.
என்னைப் பார்க்கவில்லை.

திரையில் அது ஒரு முள்.
பெரிதாக்கினால் மலை.
இன்னும் பெரிதாக்கினால்
ஆறேழு புள்ளிகள்,
இரண்டைப் பிடித்துக் கீழே இழுத்தால் சமதரை.
இருபத்தேழு முள்ளையும் இழுத்து முடித்தபோது மணி நான்கு.
போட்டுக் கேட்டேன்.
குழல் மட்டும்,
தண்ணீர் மாதிரி.
என் தோள்தான்
சரியாக அந்தந்த இடத்தில்
ஒரு தரம் குலுங்கி அடங்கிக்கொண்டிருந்தது.
பழைய கோப்பை அழிக்கவில்லை.
இரண்டும் கிடக்கட்டும் என்று விட்டேன்.

முப்பதாம் தேதி தள்ளுவண்டியோடு வந்தார்.
ஒன்றை உறையிலிருந்து இழுத்து
விளக்குக்குச் சாய்த்துப் பார்த்தார்.
'கழுவியிருக்கே.'
'ம்.'
நாற்பத்தாறையும் அடுக்கி, கயிறு போட்டு,
மின்தூக்கிவரை போனவர் திரும்பி வந்தார்.
உட்லண்ட்ஸில் வாடகை அறையாம்.
கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே
ஓர் ஆள் நிற்கலாமாம், பக்கவாட்டில்.
'பிளேயரை நீயே வச்சுக்கோ.
நீ எடுத்ததில்... ஒரு காப்பி கிடைக்குமா?'

ஏழாம் பத்தியில் இதற்கும் விதியில்லை.
அறுபத்தெட்டு ஜிபி.
பதினொரு நிமிடம் ஆகும் என்றது திரை.
இரண்டு குழல்களில்
எதை அவர் விரல்நீளக் குச்சிக்குள் இழுத்துப் போட்டேன் என்று
இங்கே சொல்வதாக இல்லை.

உட்காரச் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை.
ஆறு நிமிடம் மிச்சமிருக்கையில்
மேல்வீட்டில் கோலிக்குண்டு ஒன்று விழுந்து
உருண்டது.
அங்கே கோலி கிடையாது, குழந்தையும் கிடையாது,
நாங்கள் குடிவந்த நாளிலிருந்து உருள்கிறது.
இருவரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம்
அது சுவரில் முட்டி நிற்கும்வரை.