நல்ல கால்

இது தையல் நாடா.
நூற்றைம்பதோடு முடிந்துவிடும்.
தை மாதம், ஒப்பரேசனுக்கு முதற்கிழமை,
நீ வலது காலால் பாய்ந்தபோது
நாடா காணவில்லை.
மீதி எட்டு சென்ரிமீற்றருக்கு
கிளினிக் கொப்பி எழுதும் பெட்டையிடம்
அடிமட்டம் இரவல் வாங்கினேன்.

இன்று ஐப்பசி மழை.
பின் விறாந்தையில் சோக்கட்டியால் கோடு கீறி,
சக்கர நாற்காலிகளை மற்றப் பக்கத்தால் போகச் சொல்லிவிட்டு,
"பாய் ஜொவிற்றா" என்றேன்.

இடது கால், தைத்த கால்:
நூற்றிருபத்தொன்பது.
முழங்கால் உள்ளுக்குச் சரியவில்லை.
இறங்கிய இடத்தில் இரண்டு விநாடி
கொக்கு மாதிரி நின்றாய்.
வலது கால்: நூற்று நாற்பத்தொன்று.

வகுத்தால் தொண்ணூற்றொன்று சொச்சம்.
தொண்ணூறு காணும் என்கிறது படிவம்.
சனிக்கிழமை இறுதியாட்டம்.
உன் கோச் மரியநாயகம்
மோட்டச்சைக்கிளை நிப்பாட்டாமல்
கேற்றடியில் நனைந்துகொண்டு நிற்கிறார்,
என் ஒரு கையெழுத்துக்காக.

அடிமட்டம் தேவைப்படவில்லையே.
அது எனக்கு உறைத்தது
பேனை மூடியைக் கழற்றிய பிறகு.

நல்ல கால் எங்கே போனது?
ஒன்பது மாதம் பந்து தொடாமல்
அதுவும் இளைத்திருக்கலாம்.
நோகாத கால்
ஆரிடம் போய் முறையிடும்?
நாங்களும் அதைக் கேட்டதில்லை.
அல்லது

உன்னைப் பார்த்தேன்.
நீ சப்பாத்து நாடாவைப் பார்த்தாய்.
"குறைச்சுப் பாய்ஞ்சனியோ?"
"கொஞ்சம்."
"எவ்வளவு கொஞ்சம்?"

திரும்பப் பாய்ந்தாய், கோபத்தோடு.
பாசையூர்க் காணியில் கோணர் உதைக்கு எழும்புகிற பாய்ச்சல்.
நாடா முடிந்து, மேலே இரண்டு விரல்.
இளைத்ததும் உண்மை,
ஒளித்ததும் உண்மை.

அந்தக் கணக்கை உனக்கு முன்னாலேயே போட்டேன்.
எண்பத்தஞ்சுக்கும் வரவில்லை.
தையில் பாய்ந்ததை வைத்துப் பார்த்தால்
இன்னும் கீழே.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில்
பயமா என்று பன்னிரண்டு விதமாகக் கேட்டிருக்கிறது.
பன்னிரண்டுக்கும்
இல்லை என்று எழுதியிருந்தாய்,
ஒரே அழுத்தத்தில், தாள் கிழியுமாப்போல.

"அக்கா, வாங்கிலயாவது இருக்கலாமே?
உடுப்புப் போட்டுக்கொண்டு?"

ஆடலாம். ஆடக்கூடாது.
இரண்டு கட்டம்தான் அச்சடித்திருக்கிறார்கள்.
இரண்டையும் விட்டுவிட்டு
ஓரத்தில் எழுதினேன்:
வாங்கில் இருக்கலாம். உடுப்போடு.
சப்பாத்து இல்லாமல்.

அதற்குக் கீழே:
மார்கழி ஐந்து, காலை எட்டரை.
அடிமட்டம் கொண்டுவரவும்.